பதினொன்று புள்ளி மூன்று

வட்டக் கத்தியில் வெட்டிய துணி
தராசில் ஒன்று புள்ளி எட்டு காட்டினால்
நூற்றெண்பது ஜிஎஸ்எம். ரோல் தேறியது.
ஒன்று புள்ளி ஏழு என்றால்
டையிங்காரருக்கு ஃபோன் போகும்.
எட்டு வருசமாக என் வேலை இது.

டீ வந்த நேரம் பார்த்து
அதே தட்டில் வைத்தேன்
இரண்டு ஜிஞ்சர் பீர் டின்னின் அடியை வெட்டி
ஒன்றுக்குள் ஒன்று செருகி
விளிம்பைச் சுற்றி ஊசியால் பதினாறு துளையிட்ட
என் அடுப்பை.

பதினொன்று புள்ளி மூன்று.

"ஏனுங்க்கா, இதுல சோறு வேகுமா?"
கட்டிங் பையன் அதைக் கையில் வாங்கவே பயந்தான்,
நசுங்கிவிடுமென்று.

இதற்கு முன் செய்தவை மூன்று.
ஒன்று ஒழுகியது.
ஒன்று மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கியது.
மூன்றாவது நன்றாகவே எரிந்தது,
மொட்டை மாடியில், நட்ட நடு மத்தியானம்.
வெயிலில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்குத் தெரியாதென்று
பெயின்ட் கடைக்காரர் சொல்லவில்லை.
அணைந்துவிட்டதென்று குனிந்தேன்.
இடது புருவத்தில் பாதி போயிற்று.
ஒரு மாதம் மைப் பென்சிலில் வரைந்துகொண்டு
பஸ் ஏறினேன்.

பாத்திரம், அரைக்கிலோ நெய் டின்: ஐம்பத்தெட்டு.
சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்த முக்காலி: இருபத்தொன்று.
லேபிள் அச்சகத்தில் வீசியெறிந்த தகடு,
காற்றை மறைக்க: நாற்பது.
அதன் ஓரத்தில் ஏதோ ஒரு நாட்டு மொழியில்
'தனியாகத் துவைக்கவும்' என்று
இன்னும் தலைகீழாக இருக்கிறது.

ஓவர்லாக் பூவாத்தா மட்டும்
வருகிறேன் என்றாள்.
"நூடுல்சுக்கெல்லாம் நான் நடக்க மாட்டேன் கண்ணு.
அரிசிம்பருப்பு ஆக்குவியா?"

முப்பது மில்லி ஸ்பிரிட் ஒன்பது நிமிசம் எரியும்.
அரிசிம்பருப்புக்கு ஒன்பது நிமிசம் எந்த மூலைக்கு?
இரண்டு ராத்திரி யோசித்தேன்.

பொங்கலூரில் தொடங்கி
பிஏபி வாய்க்கால் கரையோடு நடந்தோம்,
திருமூர்த்தி மலையை எதிரே வைத்துக்கொண்டு.
எவ்வளவு நடந்தும் அது கிட்டே வரவில்லை.
என் முதுகில் ஒரு பாட்டிலில்
அரிசியும் துவரம்பருப்பும் காலையிலிருந்து ஊறின,
ஒவ்வொரு அடிக்கும் குலுங்கி.

சாயங்காலம் ஒரு தென்னந்தோப்பில்
தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம்.
கணவாய்க் காற்று.
தூரத்தில் காற்றாலைகளுக்கு அது சம்பளம்,
எனக்கு எதிரி.
தகட்டைச் சுற்றி வளைத்து நான்கு கல் வைத்தேன்.
நான்காவது தீக்குச்சியில் பிடித்தது.
இருட்டத் தொடங்கியதால் இந்த முறை தெரிந்தது:
பதினாறு நீலப் பற்கள்.

சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய்.
பிறகு ஊறிய அரிசி.
எட்டாவது நிமிசம் கொதி.
ஒன்பதாவதில் அடுப்பு தானாக நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் பூவாத்தா.

டின்னைத் தூக்கிப் பைக்குள் இறக்கினேன்.
கட்டிங் வேஸ்ட் ஃப்ளீஸ், முந்நூறு ஜிஎஸ்எம்,
மூன்று அடுக்கு, அவளே ஓரம் அடித்துத் தந்தது.
எதற்கென்று அன்று அவளுக்குத் தெரியாது,
குழந்தைத் தொப்பி என்று நினைத்திருக்கிறாள்.
சூட்டை உள்ளே வைத்துக் கட்டி
"சித்த நேரம் இரு" என்றேன்.

அரை மணி நேரம்
அவள் என்னை ஒன்றும் கேட்காமல்
செருப்பிலிருந்து முள் எடுத்தாள்.

திறந்தபோது ஆவி வந்தது.
பருப்பு ஒன்றிரண்டு பல்லில் நின்றது,
அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் தன் பைக்குள் கைவிட்டாள்.
சேலைக்குள் சுற்றி, அதன்மேல் துண்டில் சுற்றி,
ஒரு கண்ணாடி பாட்டில்.
நெய்.

பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக
ஒடித்துக்கொண்டு வந்தவள் நான்.
வாயைத் திறப்பதற்குள்
என் தட்டில் ஊற்றிவிட்டாள்.
நிறைய.

திங்கட்கிழமை, ஆள் வருமுன்,
அந்தக் காலி பாட்டிலைத் தராசில் வைத்தேன்.
எண் வரவில்லை.
நான்கு கோடுகள் மட்டும்.
தாங்காது என்று அர்த்தம்.

தட்டில் படிந்த பிசுக்கைத் துடைத்துவிட்டு
முதல் ரோலை வெட்டினேன்.